சிறப்புக் குழந்தைகளுக்கான ஜிம் ஃப்ரான்சைஸ் எடுக்கலாமா? கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். டெக்ஸாஸில், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறீர்கள். ஒன்பது வயது மகனுக்கு ஆட்டிசம். இரண்டு ஜிம்னாஸ்டிக்ஸ் வகுப்புகளில் ‘வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனக் குறைவு, அதீதத் துறுதுறுப்பு), டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கென்றே உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் ஒரு நிறுவனம் ஃப்ரான்சைஸ், அதாவது தன் பெயரிலும் முறையிலும் கிளை நடத்தும் உரிமை, தருகிறது. நுழைவுக் கட்டணம் 45,000 டாலர், இடம் 4,000 சதுர அடி, மாத வருமானத்தில் 7 சதவீதம் ராயல்டி, 2 சதவீதம் விளம்பர நிதி. எடுக்கலாமா, என்னென்ன கருவி வாங்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். எனக்குக் கேட்பது வேறு கேள்வி: ‘என் பிள்ளைக்கு வேண்டிய இடத்தை நானே கட்டினால், அது வாடகையும் கட்டி எனக்குச் சம்பளமும் கொடுக்குமா?’ அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் படித்தது ஆக்குபேஷனல் தெரபி, அன்றாடச் செயல்களைச் செய்யப் பழக்கும் சிகிச்சை. இப்படிப்பட்ட கூடங்களுக்குத் தளம், கருவி, பயிற்சித் திட்டம் போட்டுக் கொடுப்பது தொழில். அந்த விஷயங்களில் உறுதியாகப் பேசுவேன். விசா, ஒப்பந்தம், வரி பற்றி நான் எழுதுவதை வக்கீலிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

விசாவிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் பலர் கட்டணம் கட்டிய பிறகுதான் இதை யோசிக்கிறார்கள். கணவர் எச்1பி (வேலை விசா), நீங்கள் எச்4 இஏடி (துணைவருக்கான விசாவில் வேலை அனுமதி அட்டை) என்று எழுதியிருக்கிறீர்கள். இஏடி கையில் இருக்கும்வரை நீங்கள் கம்பெனி தொடங்கலாம், நடத்தலாம், ஆள் வைக்கலாம். கணவர் முதல் போடலாம், வேலை செய்யக் கூடாது. சனிக்கிழமை கவுன்டரில் உட்கார்ந்து பிள்ளைகளின் பெயரைக் குறித்துக்கொள்வதும் வேலைதான். 2025 அக்டோபர் 30 முதல் போடப்படும் இஏடி புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்குப் பழைய தானியங்கி நீட்டிப்பு கிடையாது. புது அட்டை வரும்வரை உங்கள் ஜிம்மில் நீங்களே வேலை செய்ய முடியாத நிலை வரலாம். அந்த மாதங்களை ஓட்ட ஒரு மேனேஜரின் சம்பளத்தை இப்போதே கணக்கில் ஏற்றுங்கள். வங்கி வழியாக வரும், எஸ்பிஏ என்ற அரசுச் சிறுதொழில் அமைப்பு உத்தரவாதம் தரும் கடனையும் நம்பாதீர்கள். 2025இல் விதி இறுகியது. விசாவில் இருப்பவர் உரிமையாளராக உள்ள கம்பெனிக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. முதல் போட்டுத் தொழில் நடத்துபவர்களுக்கான இ2 விசா இந்தியர்களுக்கு இல்லவே இல்லை. ஆக, சேமிப்பு, வீட்டின் மேல் கடன், உறவினர் பணம், இவைதான் உங்கள் முதல். இந்தப் பணம் போனால் வீட்டைத் தொடும்.

அடுத்தது எஃப்டிடி எனப்படும் ஃப்ரான்சைஸ் டிஸ்க்ளோஷர் டாக்குமென்ட். அமெரிக்காவில் ஃப்ரான்சைஸ் விற்பவர் கையெழுத்துக்கோ பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்பே இதைத் தர வேண்டும் என்பது எஃப்டிசி என்ற மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி. மொத்தம் 23 பகுதிகள். ஆனால் அதில் எழுதியிருப்பது சரிதானா என்று எஃப்டிசி பார்ப்பதில்லை. டெக்ஸாஸிலும் எந்த அலுவலகமும் அதைப் படித்து ஒப்புதல் தருவதில்லை. கலிபோர்னியா, மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் இவை பதிவு செய்யப்படுகின்றன. அந்த மாநிலங்களின் இணையதளங்களில் தேடினால் பல நிறுவனங்களின் எஃப்டிடியை இலவசமாகவே எடுக்கலாம். விற்பனையாளரிடம் பெயர் கொடுப்பதற்கு முன்பே இரண்டு மூன்றை இறக்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

எல்லாப் பக்கத்தையும் சமமாகப் படிக்க வேண்டியதில்லை. 20ஆம் பகுதியில் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை கிளை திறந்தன, எத்தனை மூடின, எத்தனை கைமாறின என்ற அட்டவணை இருக்கும். கடந்த ஆண்டில் விட்டுப் போனவர்களின் தொடர்பு விவரமும் இருக்கும். விற்றது ஐம்பது, திறந்தது இருபது என்று இருந்தால், மீதி முப்பது குடும்பங்கள் கட்டணம் கட்டிவிட்டு இடம் கிடைக்காமலோ கடன் கிடைக்காமலோ நிற்கின்றன என்று அர்த்தம். 19ஆம் பகுதியில் வருமானக் கணக்கு தரலாம், தராமலும் விடலாம். அங்கே ஒன்றும் தராமல் போனில் மட்டும் ‘எங்கள் கிளைகள் இவ்வளவு எடுக்கின்றன’ என்று ஒருவர் சொன்னால் அவர் விதியை மீறுகிறார். அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 8ஆம் பகுதி, கருவியை அவர்கள் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டுமா என்பது. 6ஆம் பகுதியில் குறைந்தபட்ச ராயல்டி என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். 7 சதவீதம் என்பது வருமானம் வந்தால்தான், ஆனால் குறைந்தபட்சத் தொகை வருமானமே இல்லாத மாதத்திலும் போகும். 17ஆம் பகுதியில், ஒப்பந்தம் முடிந்த பிறகு எத்தனை ஆண்டு, எத்தனை மைலுக்குள் இதே தொழில் செய்யக் கூடாது என்று இருக்கும். இதில் உங்கள் வாழ்க்கையே மாட்டும்: ஜிம்மை மூடிவிட்டு, கற்ற வித்தையை வைத்து வீட்டு கராஜில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லித் தரக்கூட முடியாமல் போகலாம்.

இந்தத் துறையில் ஃப்ரான்சைஸ்கள் பொதுவாக இரண்டு ஜாதி. ஒன்று, பிள்ளைகள் வந்து விளையாடிவிட்டுப் போகும் சென்ஸரி ஜிம், அதாவது புலன்களுக்கு வேலை தரும் விளையாட்டுக் கூடம். 2010இல் கலிபோர்னியாவின் டார்சானாவில் ஒரு தாய் தன் மகனை மனதில் வைத்துத் தொடங்கிய வி ராக் தி ஸ்பெக்ட்ரம் இந்த வகை. மற்றது, கோச் ஒருவர் திட்டமிட்டு உடற்பயிற்சி சொல்லித் தருவது; உங்கள் மாநிலத்திலேயே பிறந்த ஸ்பெஷல் ஸ்ட்ராங் அந்தப் பக்கம். முதல் வகைக்கு இடமும் கருவியும்தான் செலவு, இரண்டாவதற்கு ஆள் சம்பளம். உங்களிடம் பேசும் நிறுவனம் முதல் வகையின் 4,000 சதுர அடியையும் இரண்டாம் வகையின் ஆள் கணக்கையும் சேர்த்துக் கேட்கிறது. எனக்கு இடிப்பது அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். சாதாரண ஜிம்முக்குக் காலை ஐந்து மணிக்கே ஆள் வரும். உங்கள் வாடிக்கையாளர் அந்த நேரத்தில் தூங்குகிறான், பிறகு பள்ளிக்கூடம் போகிறான். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 3.30 முதல் 7.30, சனிக்கிழமை எட்டு மணி நேரம், ஆக வாரத்துக்கு 28 மணி நேரம். ஜிம் திறந்திருக்கிற மற்ற நேரமெல்லாம் வாடகை மட்டும் ஓடும். இப்போது ஒரு கணக்கு. இதிலுள்ள விலைகள் உதாரணத்துக்கு நான் வைத்தவை, உங்கள் தெருவின் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று கோச், ஒருவருக்கு ஒரு பிள்ளை, 45 நிமிட வகுப்பு, நடுவில் 15 நிமிடம் துடைத்து அடுக்க. வாரத்துக்கு 84 வகுப்பு. ஒரு வகுப்பு 75 டாலர் என்றால் வாரம் 6,300, மாதம் சுமார் 27,000. இதில் 15 சதவீதத்தைக் கழியுங்கள். சளி, தெரபி நேர மோதல், அன்று பள்ளிப் பேருந்து வேறு வழியில் வந்ததால் பிள்ளை காரைவிட்டே இறங்க மறுத்தது, இப்படி வராத நாட்கள் இந்தத் தொழிலில் அதிகம். வராத நாளுக்கு அபராதம் போடவும் மனசு வராது. கையில் 23,000. சதுர அடிக்கு ஆண்டுக்கு 33 டாலர் என்றால், வரி, பராமரிப்பு எல்லாம் சேர்த்து, 4,000 சதுர அடிக்கு மாதம் 11,000. கோச் சம்பளம் மணிக்கு 25, அதன் மேல் வரிகள், மாதம் 9,900. ராயல்டியும் விளம்பர நிதியும் 2,070. காப்பீடு, மின்சாரம், மென்பொருள் 2,000. கூட்டினால் கிட்டத்தட்ட 25,000. எல்லா நேரமும் பதிவாகியும் மாதம் 2,000 கையைக் கடிக்கிறது. கடன் தவணையும் உங்கள் சம்பளமும் இன்னும் வரவில்லை.

இதே கணக்கை 1,800 சதுர அடியில் போடுங்கள். வாடகை 4,950. கோச் நேரத்தில் பாதியை மூன்று பிள்ளைகள் கொண்ட சிறு குழுவாக்கி, ஒரு பிள்ளைக்கு 40 டாலர் வாங்குங்கள். நிறைந்தால் மாதம் 35,000. முக்கால்வாசிதான் நிறைகிறது என்றே வைத்தாலும் 26,000க்குக் கொஞ்சம் மேல். செலவு 19,000 சொச்சம். கையில் 7,000 நிற்கும், அதிலிருந்து தவணையும் உங்கள் சம்பளமும். பெரிய பணம் இல்லை, ஆனால் மூச்சு விடலாம். ஆகவே நிறுவனத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இரண்டாயிரம் சதுர அடிக்குள் ஒரு கிளை திறக்க ஒப்புவீர்களா, குழு வகுப்புக்கு உங்கள் கையேட்டில் இடமுண்டா’ என்பது. காலை நேரத்துக்கும் ஆள் தேட வேண்டும்: வீட்டுக்கல்விக் குடும்பங்கள், பள்ளி வயதைத் தாண்டிய இளைஞர்களின் பகல் மையங்கள், பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகள். ஒரு பகல் மையத்தோடு வாரம் இரண்டு நாள் என்று ஒப்பந்தம் போட்டாலே மின்சாரச் செலவும் காப்பீடும் வந்துவிடும்.

விற்பனையாளர் இன்னொரு எண்ணைக் காட்டுவார்: அமெரிக்காவில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம். எண் சரிதான், சிடிசி என்ற அரசு நோய்த்தடுப்பு மையம் 2025இல் வெளியிட்டது. ஆனால் 15 நிமிடக் கார் தூரத்தில் 15,000 பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் சுமார் 480 பேர் என்பதோடு கணக்கு நிற்காது. அவர்களில் பலருக்கு அந்த மாலை நேரம் ஏற்கெனவே ஏபிஏ என்ற நடத்தைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி என்று நிரம்பியிருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் தெரபிக்குப் பணம் தரும், உடற்பயிற்சிக்குப் பொதுவாகத் தராது. டெக்ஸாஸின் மெடிக்கெய்ட் வேவர் என்ற அரசு உதவித் திட்டங்களில் பெயர் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அப்படியென்றால் மாதம் 300 டாலரைத் தன் பையிலிருந்தே தரக்கூடிய குடும்பம் எத்தனை என்பதுதான் உங்கள் சந்தை.

இடத்துக்கு வருவோம். ஸ்ட்ரிப் மால் எனப்படும் வரிசைக் கடைகளின் கூரையை அண்ணாந்து பார்த்தால் மெல்லிய கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் பின்னிய இரும்புச் சட்டம் தெரியும். பார் ஜாயிஸ்ட் என்பார்கள். அது கூரையின் பரவலான எடையைத் தாங்கச் செய்தது. அதன் கீழ்க்கம்பியில், பின்னல் சேராத நடுப்பகுதியில் ஒரு கொக்கி மாட்டி ஊஞ்சல் தொங்கவிட்டால், ஒரே புள்ளியில் இழுப்பு விழுந்து கம்பி வளையும். ஆடும் பிள்ளை தன் எடையைவிட அதிகமாக இழுக்கும். நூறு பவுண்டுப் பையன் வேகமாக ஆடும்போது தாழ்ந்த இடத்தில் இருநூறுக்கு மேல் விழுவது சாதாரணம், இரண்டு பேர் ஏறித் திடீரென்று நிறுத்தினால் இன்னும் கூடும். ஒவ்வொரு தொங்கு புள்ளியும் ஆயிரம் பவுண்டைப் பாதுகாப்பாகத் தாங்க வேண்டும் என்று கேளுங்கள். கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் ஒரு துளை போடவிடாதீர்கள். கட்டட உரிமையாளர் கூரையைத் தொடவே கூடாது என்றால் தரையில் நிற்கும் எஃகுச் சட்டம் வாங்கலாம். விலை கூடும், காலி செய்யும்போது எடுத்துப் போகலாம். ஊஞ்சலைச் சுற்றி ஆறடி வெற்றிடம், மேலே சுழல் கொக்கி, திருகிப் பூட்டும் காரபைனர் (இணைப்பு வளையம்). சுழல் கொக்கி இல்லாமல் சுற்றினால் கயிறு முறுக்கி, உறையோடு தேய்ந்து, வெளியே தெரியாமலே அறும். வாரம் ஒருமுறை உறையை நீக்கிக் கயிற்றைப் பார்த்துத் தேதி எழுதி வைக்க வேண்டும்.

கதவு பெரிய தலைவலி. ஓடிப்போகும் பிள்ளைகள் இருப்பார்கள். பெற்றோர் எல்லோரும் ‘மேலே எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள்’ என்பார்கள். போடக் கூடாது. கைப்பிடியும் தாழும் தரையிலிருந்து 34 முதல் 48 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்பது ஏடிஏ என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் தரம். தீ விபத்தில் வெளியேறும் கதவைப் பூட்டுவதும் குற்றம். அழுத்தினால் 15 வினாடி கழித்துத் திறக்கும் பூட்டு சில வகைக் கட்டடங்களுக்கு அனுமதி உண்டு, கூட்டம் கூடும் இடம் என்று வகைப்படுத்தினால் பெரும்பாலும் கிடையாது. எனவே வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே ஊர் தீயணைப்பு அதிகாரியிடம் வரைபடத்தோடு போய், எந்த வகை என்று கேளுங்கள். பூட்டுக்குப் பதிலாக வழியை வளைக்கலாம்: பயிற்சித் தளத்திலிருந்து வாசலுக்கு நேர்ப்பாதை இல்லாமல், வரவேற்பு மேசையைத் தாண்டித்தான் போக முடியும் என்று அமைத்து, இரண்டாவது கதவில் மணி வைத்தால் ஓடுகிற பிள்ளைக்கும் சாலைக்கும் நடுவே எப்போதும் ஒரு பெரியவர் இருப்பார். கட்டட வேலைச் செலவு 50,000 டாலரைத் தொட்டால் டெக்ஸாஸில் டிடிஎல்ஆர் என்ற மாநில உரிம அலுவலகத்தில் பதிந்து, மாற்றுத்திறனாளி அணுகல் ஆய்வு நடத்த வேண்டும். ஒப்பந்தக்காரர் மறந்தாலும் பொறுப்பு உங்கள் தலையில்.

ஓசை, ஒளி, வாசனை மூன்றையும் கருவி வாங்கும் முன் சரிசெய்யுங்கள். கழிப்பறையில் கை உலர்த்தும் யந்திரத்தைக் கழற்றிவிட்டு காகிதத் துண்டு வையுங்கள். ஒரு முறை அது உறுமியதால் அந்தக் கட்டடத்துக்கே வர மறுக்கும் பிள்ளைகள் உண்டு. கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் கூடாரம்போல் தொங்கினால் போதும், சுவர் முழுக்க வேண்டாம். எல்இடி விளக்கில் மலிவான டிம்மர் கண்ணுக்குத் தெரியாத துடிப்பைத் தரும். போன் கேமராவில் ஸ்லோ மோஷனில் படம் பிடித்தால் தெரிந்துவிடும். ரப்பர் தளம் போட்டால் இரண்டு மூன்று வாரம் காற்றோட விட்டுப் பிறகு திறக்க வேண்டும், அந்த வாசனை குறையும்வரை சில பிள்ளைகள் உள்ளே வரமாட்டார்கள். பல் பல்லாகக் கோத்துக்கொள்ளும் நுரைப்பலகை வேண்டாம். ஓரத்தைப் பிய்த்து வாயில் போடுவார்கள். நுரைக்கட்டிகள் நிரப்பிய குழி படத்தில் அழகு, நடைமுறையில் எச்சிலும் தொலைந்த சாக்ஸும் நிறைந்த கிணறு, யாராலும் கழுவ முடியாது.

கருவிப் பட்டியல் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. ஒரு நேரத்தில் ஆறு பிள்ளைகளுக்கு: 12, 18, 24 அங்குல நுரைப் பெட்டிகள் இரண்டு ஜோடி, 4, 6, 8, 10 பவுண்டு மெத்து மெடிசின் பந்துகள் தலா இரண்டு, 5, 10, 15, 20 பவுண்டு மணல் பைகள் தலா இரண்டு, தரையில் வழுக்காத வண்ண வட்டுகள் இரண்டு டஜன், கூம்புகள் ஒரு டஜன், இழுவைப் பட்டைகள், ஒரு தடித்த விழுமெத்தை, ஒரு தட்டு ஊஞ்சல், ஒரு துணி ஊஞ்சல். ஊஞ்சலை விட்டால் மற்றதெல்லாம் 5,000 டாலருக்குள் முடியும் என்பது என் கணக்கு. உங்கள் நிறுவனம் இதே பொருட்களுக்குப் பல மடங்கு கேட்டால், அந்த மிச்சம் எங்கே போகிறது என்று கேளுங்கள். டிராம்போலினை நான் பட்டியலில் வைக்கவில்லை. பொழுதுபோக்குக்கு வேண்டாம், முறையான விளையாட்டுப் பயிற்சியில் தகுந்த மேற்பார்வையோடு மட்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலை. பல காப்பீடுகள் அதை விலக்கியும் வைக்கின்றன.

பட்டியலைவிட முக்கியம் அதை வைத்து என்ன செய்கிறோம் என்பது. முதல் நாள் வரும் பிள்ளைக்கு ‘பத்து தடவை குந்து’ என்றால் பத்து என்பது எப்போது முடியும் என்று தெரியாது, அங்கேதான் அழுகை. அதற்குப் பதில், இடது பக்கம் ஒரு வாளியில் ஐந்து சின்ன மணிப்பைகள், வலது பக்கம் காலி வாளி, நடுவில் 18 அங்குலப் பெட்டி. பெட்டியில் உட்கார், எழுந்திரு, ஒரு பையை எடுத்து மறு வாளியில் போடு. வாளி காலியானால் முடிந்தது. முடிவு கண்ணுக்குத் தெரிகிறது. எழும்போது முன்னால் சாய்ந்து விழுகிறானா? மார்போடு 4 பவுண்டு பந்தை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த எடை முன்னால் இருப்பதால் உடல் தானாகப் பின்னால் சாய்ந்து சமன் கொள்ளும், முதுகு நிமிரும். முன்பாதத்தில் நடக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்குக் கெண்டைக்கால் இறுகியிருக்கும், குதிகால் தரையில் பதியாது. அவனைத் திருத்துவதற்குப் பதிலாகக் குதிகாலுக்குக் கீழே ஒரு மெல்லிய பலகை வையுங்கள். இரண்டு வாரம் கழித்துப் பெட்டியை இரண்டு அங்குலம் தாழ்த்துங்கள். இப்படி உட்கார்ந்தெழுதல், தள்ளுதல், இழுத்தல், சுமந்து நடத்தல், எறிதல் என்ற ஐந்தே அசைவுகளை ஒரு வருடம் வளர்க்கலாம். சுமப்பதற்குப் பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தொடங்குங்கள். அறுபது பவுண்டுப் பையனுக்கு 5 பவுண்டுப் பை போதும். சொல்லைக் குறைத்து, செய்து காட்டி, தேவைப்பட்டால் முழங்கையைத் தொட்டு வழிகாட்டி, அடுத்த வாரம் அந்தத் தொடுதலையும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்த கோச்சின் பிள்ளை, கோச் இல்லாவிட்டால் அசையாது.

சேர்க்கைப் படிவத்தில் மூன்று கேள்வி தவறக் கூடாது. டவுன் சிண்ட்ரோம் இருந்தால் கழுத்து: முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கிடையே தளர்வு இருக்கக்கூடும், அதனால் மருத்துவர் எழுத்து வரும்வரை முன்குட்டிக்கரணமும் தலையில் எடை விழும் எதுவும் இல்லை. நடை மாறியது, புதிதாகக் கழுத்து வலி, சிறுநீர் கட்டுப்பாடு போனது என்றால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வலிப்பு இருந்தால், எப்படித் தொடங்கும், எத்தனை நிமிடம் தாண்டினால் 911, மருந்து பையில் எங்கே. மூன்றாவது மருந்துகள்: ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் எடுப்பவர்களுக்கு எடை கூடும், வெயில் சூடும் எளிதில் ஏறும், ஏடிஹெச்டி ஊக்க மருந்து எடுப்பவர்கள் மதியம் சாப்பிட்டிருக்கமாட்டார்கள், நாலு மணிக்கு வந்து தலைசுற்றி விழுவது பெரும்பாலும் அதனால்தான்.

பெற்றோரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? ஒழுங்கான பயிற்சியால் பலம், சமநிலை, மூச்சுத் தாக்குப்பிடிப்பு, அசைவுத் திறன் கூடும் என்பதைத் தயங்காமல் சொல்லலாம். ஆட்டிசத்துக்குச் சான்றுள்ள முறைகள் என்று 2020இல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று தொகுத்த 28இல் உடற்பயிற்சியும் ஒன்று. தீவிரமான பயிற்சிக்குப் பிறகு சிறிது நேரம் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் குறைவதும் கவனம் கூடுவதும் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், எவ்வளவு நாள் நிற்கும் என்பது தெளிவில்லை. எடை வைத்த அங்கி கவனத்தைக் கூட்டும் என்பதற்கான சான்று பலவீனம். ‘பேச்சு வரும்’, ‘மூளையை மறுபடி இணைக்கும்’ என்று உங்கள் நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்தில் இருந்தால் அதைக் கடையில் வைக்காதீர்கள். தெரபி என்ற சொல்லையும் தவிர்க்க வேண்டும். உரிமம் பெற்ற தெரபிஸ்ட் இல்லாமல் அது சட்டச் சிக்கல். ‘பெற்றோர் விட்டுவிட்டுப் போகலாம்’ என்று விளம்பரம் போடும் முன் மாநிலக் குழந்தைப் பராமரிப்பு உரிமம் தேவைப்படுமா என்று கேட்டுவிடுங்கள்.

பெற்றோர் கையெழுத்திடும் பொறுப்புத் துறப்புப் படிவம் உங்களைக் காக்கும் என்று எண்ண வேண்டாம். பிள்ளையின் உரிமையைப் பெற்றோர் முன்கூட்டியே விட்டுக்கொடுக்க முடியாது என்று டெக்ஸாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1993இலேயே சொல்லிவிட்டது. உங்களைக் காப்பது காப்பீடுதான்: பொதுப் பொறுப்போடு, பாலியல் அத்துமீறல் புகார்களுக்கான பிரிவும் பயிற்சியில் காயம்பட்டவருக்கான மருத்துவச் செலவும் இருக்க வேண்டும், விலக்குகள் பட்டியலில் ஊஞ்சலும் ஏறுசுவரும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ஊழியர் பின்னணிச் சோதனை, எந்த மூலையும் மறைவாக இல்லாத தளம், கழிப்பறைக்குப் பெற்றோரே கூட்டிப்போவது, பிடித்து அமுக்குவது எந்தச் சூழலிலும் பயிற்சி இல்லாமல் கூடாது, இவை பேச்சுவார்த்தைக்கு உட்பட்டவை அல்ல.

கடைசியாக உங்கள் மகன். ஜிம்மின் அந்த 28 மணி நேரம், அவன் பள்ளியிலிருந்து களைத்து வரும் அதே நேரம். தொழில் நன்றாக ஓடினால் அவன் சாப்பாடும் குளியலும் தூக்கமும் வேறொருவர் கையில் போகும். அவனை ஜிம்மிலேயே வைத்துக்கொண்டால், அவனுக்குத் தாங்க முடியாமல் போகும் நாளில் நீங்கள் உரிமையாளரா அம்மாவா என்று இரண்டு பக்கமும் இழுபடுவீர்கள். மாலையைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் ஒருவரோடு, நீங்கள் காலை நேரத்தையும் கணக்கையும் எடுப்பதுதான் பெற்றோர் நடத்தும் கூடங்களில் நிலைக்கும் அமைப்பு என்பது என் கருத்து. அந்தச் சம்பளத்தைச் சேர்த்தால் மேலே சொன்ன 7,000இல் பாதி போய்விடும். அப்போதும் வேண்டுமா என்று பாருங்கள்.

அந்த 14 நாளில் செய்ய வேண்டியது: 20ஆம் பகுதிப் பட்டியலில் விட்டுப் போனவர்கள் ஐந்து பேருக்குப் போன் செய்து, மாதத்துக்கு எத்தனை வகுப்பு நடந்தது, முதல் லாபம் எத்தனையாவது மாதம், நீங்கள் சம்பளம் எடுத்தீர்களா என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பிறகு ஓடிக்கொண்டிருக்கும் கிளை ஒன்றுக்கு, சொல்லாமல், ஒரு செவ்வாய்க்கிழமை போய் கார் நிறுத்துமிடத்தில் உட்காருங்கள். மாலை 4.30க்கு உள்ளே போகும் பிள்ளைகளை எண்ணிக்கொள்ளுங்கள். அதே இடத்துக்கு மறுநாள் காலை 11 மணிக்கும் போய் எண்ணுங்கள்.